பட்ட மரத்தில் தட்டுக் காளான்

மழைக்காலத்தில் காட்டு வழியே செல்வோர், பட்டுப்போன மரமொன்று குறுக்கே கிடக்கக் கண்டால், அதைத் தாண்டி நடந்துவிடுவதே வழக்கம். சற்று நின்று குனிந்து பார்ப்பவர்களுக்கு அங்கே ஒரு காட்சி காத்திருக்கிறது. மரத்தின் விலாப்புறத்தில், ஓடு வேய்ந்த கூரையைப் போல ஒன்றன்மேல் ஒன்றாகச் சிறு தட்டுகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றுக்குக் காம்பும் இல்லை, குடையும் இல்லை. சுவரில் அடித்த பலகையைப் போல ஒரு பக்கம் மரத்தோடு ஒட்டியிருக்க, மறுபக்கம் அரைவட்டமாக விரிந்திருக்கும். இவையும் காளான்களே. தட்டுப்போல் வளர்வதால் இவற்றைத் தட்டுக் காளான் என்று இவ்வுரையில் அழைப்போம்.

இதைக் கண்டவுடன் நம் உள்ளத்தில் எழும் வினாக்கள் சில. இது எந்தக் காளான்? இதை உண்ணலாமா? மருந்துக்கு ஆகுமா? பக்கத்தில் நிற்கும் உயிருள்ள மரத்துக்கு இதனால் கேடு வருமா? இவை வெவ்வேறு வினாக்களாகத் தோன்றினாலும், எல்லாவற்றின் விடையும் முதல் வினாவைச் சார்ந்தே இருக்கின்றது. பெயரில் தவறினால் அடுப்பிலும் தவறுவோம். கோடரியை எடுப்பதிலும் தவறுவோம். ஆகவே தட்டுக் காளானை எவ்வாறு இனங்காண்பது என்பதை ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு விளக்க முற்படுகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். நாம் கண்ணால் காணும் தட்டு, காளானின் முழு உடல் அன்று. மாமரத்துக்கு மாங்காய் எப்படியோ, அப்படியே காளானுக்கு இத்தட்டு. உண்மையான உடல், நூலினும் மெல்லிய இழைகளாக மரத்துக்குள்ளே பரவிக் கிடக்கிறது. அவ்விழைகள் சில நீர்மங்களைச் சுரந்து மரத்தைக் கரைத்து உணவாக்கிக்கொள்கின்றன. உணவும் ஈரமும் போதிய அளவு கிடைத்த பின்னரே, இனம் பெருக்கும் பொருட்டு வெளியே தட்டு தோன்றுகிறது. எனவே வெளியே ஒரு தட்டைக் காணும்போது, உள்ளே நெடுநாளாக வேலை நடந்திருக்கிறது என்று கொள்ளவேண்டும்.

காளானை இனங்காண விரும்புவோர் அது வளரும் மரத்தையும் அறிந்திருத்தல் நலம். மர நூலார் மரங்களை வன்மரம் என்றும் மென்மரம் என்றும் இரண்டாகப் பிரிப்பர். இப்பிரிவு கைக்குத் தட்டுப்படும் கடினத்தைக் குறிப்பதன்று. அகன்ற இலையும் பூவும் உடைய மரங்கள் எல்லாம் வன்மரங்கள். ஊசியிலை மரங்கள் மென்மரங்கள். எளிதில் முறியும் முருங்கையும், பஞ்சு தரும் இலவும் இக்கணக்கில் வன்மரங்களே. இமயமலையின் தேவதாருவும் பைனும் மென்மரங்கள். தட்டுக் காளான்களில் பல, வன்மரத்தையோ மென்மரத்தையோ தேர்ந்து வாழ்பவை. ஆதலால் கிடக்கும் கட்டை எந்த வகையைச் சேர்ந்தது என்று அறிந்தாலே பாதி வழி கடந்தவர்களாகிறோம்.

இனி, நமது எடுத்துக்காட்டுக்கு வருவோம். இமயத்தின் சாரலில், கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2000 மீட்டர் உயரத்தில் முசௌரி இருக்கிறது. அங்குள்ள மலைச்சரிவுகளில் மக்கள் ‘பாஞ்ஜ்’ என்று வழங்கும் ஓக் மரங்களும், ‘புராஞ்ச்’ என்னும் செம்மலர் மரங்களும் அடர்ந்துள்ளன. இரண்டும் வன்மரங்கள். ஆடி, ஆவணி மாதங்களில் மூடுபனியும் மழையும் மாறிமாறி நனைக்கும் அக்காடுகளில், விழுந்த ஓக் கட்டையொன்றில் விசிறி விசிறியாக விரிந்த மெல்லிய தட்டுகளைக் காண்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். மேற்புறத்தில் பழுப்பு, சாம்பல், வெண்மஞ்சள், துருநிறம், சிலவற்றில் கருநீலமும் கூட, வளையம் வளையமாக அமைந்திருக்கின்றன. இதைக் கண்ட பலரும் உடனே ‘ட்ராமெட்டீஸ் வெர்ஸிகலர்’ என்று கூறிவிடுவர். வெர்ஸிகலர் என்ற லத்தீன் சொல்லுக்குப் பல நிறம் காட்டுவது என்று பொருள். ஆங்கிலத்தில் இதற்கு வான்கோழியின் வால் என்று பெயர்.

இக்காளானுக்கு 1753-ஆம் ஆண்டில் லின்னேயஸ் பெயரிட்டார். அன்று அவர் அதை ‘பொலீட்டஸ்’ என்ற குலத்தில் சேர்த்தார். பின்வந்தோர் அதைப் பாலிபோரஸ், பாலிஸ்டிக்டஸ், கோரியோலஸ் என்று குலம் மாற்றி, இப்போது ட்ராமெட்டீஸில் வைத்திருக்கின்றனர். குலப்பெயர் எத்தனை முறை மாறினும் வெர்ஸிகலர் என்ற அடைமொழி மட்டும் மாறவில்லை. பழைய நூல்களைப் புரட்டுவோர் இப்பெயர்கள் எல்லாம் ஒரே காளானைக் குறிப்பவை என்பதை நினைவிற்கொள்க.

நிறத்தைக் கண்டு பெயர் சொல்வது சரியா? அன்று. மேற்புறத்து நிறம் வெயிலாலும் ஈரத்தாலும் வயதாலும் மாறும். ஒரே கட்டையில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு தட்டுகள் கூட நிறத்தில் வேறுபடலாம். பாசி படர்ந்தால் பச்சையாகவும் தோன்றும். காளானின் உண்மையான அடையாளம் பெரும்பாலும் அதன் அடிப்புறத்தில் இருக்கிறது. வித்துகள் பிறக்கும் இடம் அதுவே. ஆகவே தட்டுக் காளானைக் கண்டால், மேலே பார்த்து வியந்த பின், முதற் செயலாக ஒரு தட்டைப் பெயர்த்துத் திருப்பிப் பார்க்கவேண்டும்.

வெர்ஸிகலரின் அடிப்புறம் வெண்மையாகவோ பாலாடை நிறமாகவோ இருக்கும். முதலில் வெறும் மழமழப்பாகத் தோன்றும். பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் ஒரு சிறு கைலென்ஸைக் கொண்டு பார்த்தால், ஊசியால் குத்தியதைப்போல எண்ணற்ற நுண்துளைகள் தெரியும். ஓர் அளவுகோலை அதன்மேல் வைத்து எண்ணினால் ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் மூன்று முதல் ஐந்து துளைகள் வரை இருக்கும். ஒரு மில்லிமீட்டரில் எண்ணுவது கடினமாயின், ஐந்து மில்லிமீட்டரில் எண்ணி ஐந்தால் வகுத்துக்கொள்ளலாம். இவ்வெண்ணிக்கை அற்பமாகத் தோன்றினும், ஓரினத்தை மற்றோரினத்தினின்று பிரிக்க வல்லுநர்கள் நம்பும் அளவுகளில் இதுவும் ஒன்று.

அடுத்து, தட்டின் தடிமனைப் பார்க்கவேண்டும். வெர்ஸிகலர் மிக மெல்லியது. பெரும்பாலும் மூன்று மில்லிமீட்டருக்கு மேற்படாது. புதிதாயிருக்கையில் தோலைப்போல் வளையுமேயன்றி ஒடியாது. கிழித்துப் பார்த்தால் உட்சதை வெண்மையாயிருக்கும். மேற்புறத்தை விரலால் தடவினால் சில வளையங்கள் வெல்வெட்டுத் துணியைப்போல் மென்மயிர் அடர்ந்தும், இடையிடையே உள்ள வளையங்கள் வழவழப்பாகவும் இருப்பதை உணரலாம். கூரிய கத்தியால் குறுக்கே அரிந்து லென்ஸில் நோக்கினால், அம்மயிர்ப் படலத்துக்கும் வெண்சதைக்கும் நடுவே மெல்லிய கருங்கோடு ஒன்று தென்படும். இத்தனையும் ஒருங்கே அமைந்தால்தான் நாம் வெர்ஸிகலர் என்று துணிந்து கூறலாம்.

இதனோடு குழப்பத்தக்க காளான்கள் எவை என்பதையும் அறிவோம். ‘ஸ்டீரியம்’ என்ற குலத்தைச் சேர்ந்தவை மேலே பார்த்தால் அச்சாக வெர்ஸிகலரைப் போன்றே வண்ண வளையங்கள் கொண்டிருக்கும். திருப்பிப் பார்த்தால் துளை ஒன்றும் இராது. அடிப்புறம் காகிதத்தைப்போல வெறுமையாக இருக்கும். ‘லென்ஸைட்டீஸ்’ என்பதும் மேலே வளையமுடையது. அதன் அடியிலோ துளைகளுக்குப் பதிலாகப் புத்தகத்தின் ஏடுகளைப்போல் தகடுகள் நிற்கும். ‘ட்ராமெட்டீஸ் ஹிர்ஸூட்டா’ என்பது வெர்ஸிகலரின் நெருங்கிய உறவு. அதற்கும் துளைகள் உண்டு. ஆனால் மேற்புறம் முழுவதும் நரைத்த தாடியைப்போல் முரட்டு மயிர் மூடியிருக்கும், பல வண்ணம் காட்டாது. ‘ஹெக்ஸகோனியா’ என்பதன் துளைகள் தேனடையைப்போல் அறுகோணமாக, லென்ஸ் இன்றியே கண்ணுக்குத் தெரியும்படி அகன்றிருக்கும். இவ்வைந்தையும் மேலிருந்து மட்டும் பார்ப்பவர் எளிதில் மாற்றிச் சொல்லிவிடுவர். அடிப்புறத்தைப் பார்ப்பவரோ ஒரு நிமிஷத்தில் பெரும்பாலும் பிரித்துவிடலாம்.

சமவெளியில் வாழ்வோர் மலையேறித்தான் பயில வேண்டும் என்பதில்லை. வெயிலில் கிடக்கும் பட்ட கிளைகளிலும் வேலிக் கம்புகளிலும் இரத்தச் சிவப்பான மெல்லிய தட்டொன்று வளர்வதைப் பலர் கண்டிருக்கலாம். மேலும் கீழும் ஒரே செந்நிறம், அடியில் நுண்துளைகள். ‘பிக்னோபோரஸ்’ என்று நெடுங்காலம் வழங்கிய இச்செந்தட்டு, வெப்பநாடுகளில் பரவலாக உள்ளது. நிறத்தை நம்பி ஓரளவு துணிந்து பெயர் கூறத்தக்க அரிய தட்டுக் காளான் இது. முதற்பயிற்சிக்கு இதுவே ஏற்றது.

இன்னும் ஒரு சோதனை உண்டு. அது வித்துத்தூளின் நிறம். புதிய தட்டொன்றை எடுத்து, பாதி வெள்ளையும் பாதி கறுப்புமான காகிதத்தின்மேல் அடிப்புறம் படும்படி வைத்து, ஒரு கிண்ணத்தால் கவிழ்த்து மூடி ஓர் இரவு விடவேண்டும். காலையில் தட்டை எடுத்தால், உதிர்ந்த வித்துகள் காகிதத்தின்மேல் மெல்லிய தூளாகப் படிந்திருக்கும். வெர்ஸிகலரின் தூள் வெண்மை. ஆகவே அது கறுப்புப் பாதியில்தான் தெரியும். ‘கானோடெர்மா’ என்னும் குலத்தின் தூளோ கோக்கோப் பொடியைப்போல் பழுப்பு. காய்ந்து போன பழைய தட்டுகள் தூள் தருவதில்லை என்பதையும் சொல்லிவைக்கிறோம். தூள் விழவில்லை என்பதால் சோதனை பொய்த்ததென்று கருதவேண்டாம்.

காளானைப் பார்த்தபின் கட்டையையும் பார்க்கவேண்டும். மரத்தில் செல்லுலோஸ், லிக்னின் என்று இருவகைப் பொருள்கள் முக்கியமானவை. செல்லுலோஸ் நாரைப் போன்றது. லிக்னின் அந்நாரைப் பிணைத்து இறுகச் செய்யும் காரை போன்றது. சில காளான்கள் லிக்னினையும் கரைக்க வல்லவை. அவை வாழ்ந்த மரம் வெளுத்து, நார்நாராகி, பஞ்சைப்போல் இலேசாகிவிடும். இதனை வெண்ணழுகல் என்பர். வேறு சில, லிக்னினைப் பெரும்பாலும் விட்டுவிட்டுச் செல்லுலோஸை மட்டும் தின்னும். அவை வாழ்ந்த மரம் பழுப்பேறி, கரித்துண்டைப்போல் சதுரஞ் சதுரமாக வெடித்து, விரலால் கசக்கினால் பொடியாகும். இது பழுப்பழுகல். வெர்ஸிகலர் வெண்ணழுகலை உண்டாக்குவது. தட்டு வெர்ஸிகலரைப் போன்றிருந்து கட்டை பழுப்பாகச் சதுரம் சதுரமாய் வெடித்திருந்தால், நமது முடிவை மறுபடியும் ஆராய வேண்டும். அல்லது அம்மரத்தில் வேறொரு காளானும் குடியிருக்கிறது என்று கொள்ளவேண்டும்.

இவ்வாறு பல காளான்கள் ஒரே கட்டையில் குடியிருப்பது அருமையன்று. அத்தகைய கட்டையை அரத்தால் குறுக்கே அறுத்தால், வெளுத்த மரத்தினூடே மை கொண்டு வரைந்ததைப்போலக் கருங்கோடுகள் வளைந்து செல்வதைக் காணலாம். ஒரு காளான் தன் எல்லையைக் காக்கும்பொருட்டு எழுப்பிய மதில்களே அவை. ஒரே இனத்தைச் சேர்ந்த இரண்டு தனித்தனிக் காளான்கள் சந்திக்கும் இடத்திலும் இக்கோடு எழும். தச்சர் சிலர் இக்கோடுகளின் அழகுக்காகவே அம்மரத்தைத் தேடிக் கிண்ணமும் பேழையும் கடைகின்றனர்.

தட்டுக் காளான் மற்றொரு செய்தியையும் சாட்சிபோல் பதிந்து வைத்திருக்கிறது. வித்துகள் தடையின்றிக் கீழே உதிர வேண்டுமாதலால், அதன் துளைகள் எப்போதும் பூமியை நோக்கியே அமையும். கிடக்கும் கட்டையில் உள்ள தட்டுகள் எல்லாம் நிலத்துக்கு இணையாக இருந்தால், மரம் விழுந்த பின்னரே அவை தோன்றியவை. தட்டுகள் செங்குத்தாக, துளைகள் பக்கவாட்டில் திரும்பியிருந்தால், மரம் நின்றபோதே அவை வளர்ந்துவிட்டன. பின்னரே மரம் விழுந்தது. விழுந்தபின் புதிதாக வளர்ந்த விளிம்பு மட்டும் திரும்பிப் பூமியை நோக்குவதும் உண்டு. அழுகல் முந்தியதா, வீழ்ச்சி முந்தியதா என்று அறிய இது உதவுகிறது.

இங்கே எமது பிழை ஒன்றையும் ஒளிக்காமல் கூறுவது கடமை. சில ஆண்டுகளுக்கு முன், வடநாட்டுச் சிறு நகரம் ஒன்றில், சாலையோரத்து ஷீஷம் மரமொன்றைக் காட்டி, அதன் கிளையில் காளான் பூத்திருக்கிறதே, மரத்தை வெட்டவேண்டுமா என்று அவ்வூர் அன்பர்கள் எம்மைக் கேட்டனர். பட்டுப்போன ஒரு கிளையில் மெல்லிய தட்டுகள் வரிசையாக இருந்தன. ஒன்றைப் பெயர்த்துத் திருப்பிப் பார்த்து, இது இறந்த மரத்தைத் தின்னும் காளான், உயிருள்ள மரத்தைத் தொடாது, கிளையை மட்டும் கழித்தால் போதும் என்றோம். நாம் கூறியது அந்தக் கிளையைப் பொறுத்தவரை உண்மை. ஆனால் அடிமரத்தைச் சுற்றி அடர்ந்திருந்த புல்லை விலக்கிப் பார்க்க நாம் முனையவில்லை. அடுத்த மழைக்காலத்தில், காற்று வீசிய ஓர் இரவில் அம்மரம் வேரோடு சாய்ந்தது. இரவாதலால் அடியில் எவரும் இல்லை. மறுநாள் பார்த்தபோது, வேர்க்கழுத்தில் மெருகெண்ணெய் பூசியதைப்போல் மின்னும் செம்பழுப்புத் தட்டுகள் இரண்டு இருந்தன. அவற்றின்மேலும் அருகிலிருந்த புல்லின்மேலும் பழுப்புத் தூள் படிந்திருந்தது. அது கானோடெர்மா, ஷீஷத்தின் வேரை அழுகச் செய்யும் காளான். பகலில் அம்மரம் விழுந்திருந்தால் எம் சொல்லுக்கு யார் விலை கொடுத்திருப்பார் என்று எண்ணும்போது இன்றும் உள்ளம் நடுங்குகிறது.

ஆகவே எந்தக் காளான் என்பதோடு, அது எங்கே முளைத்திருக்கிறது என்பதும் சேர்த்து நோக்கத்தக்கது. பட்ட கிளையிலும் விழுந்த கட்டையிலும் மெல்லிய தட்டு தோன்றுவது இயற்கை. அதற்காக நல்ல மரத்தை வெட்டுவது அறியாமை. உயிருள்ள மரத்தின் அடியில், வேரும் தண்டும் கூடும் இடத்தில், தடித்த தட்டு தோன்றுமாயின் அது எச்சரிக்கை. அங்கே மர நோய் அறிந்தவரை அழைத்துக் காட்டுவதே முறை. கானோடெர்மாவின் கொடுமையை நம் தமிழகமும் அறியும். தென்னை வன்மரங்களில் சேர்ந்ததன்று. ஆயினும் அதன் அடித்தண்டை இக்குலத்துக் காளான் அழித்து வருகிறது. 1952-ஆம் ஆண்டில் தஞ்சை மாவட்டத்தில் முதலில் காணப்பட்டதால், தஞ்சை வாடல் என்றே அந்நோய்க்குப் பெயர் ஏற்பட்டது.

உணவைப் பற்றியும் மருந்தைப் பற்றியும் இரண்டொரு வார்த்தை. பட்ட வன்மரங்களில் வளரும் ‘ஸ்கிஸோஃபில்லம்’ என்ற சிறு வெண்விசிறிக் காளானை மணிப்பூர் மக்கள் ‘காங்லாயேன்’ என்று அழைத்து விரும்பிச் சமைக்கின்றனர். அதன் அடிப்புறத்துத் தகடுகள் ஒவ்வொன்றும் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்திருப்பது தனி அடையாளம். தலைமுறை தலைமுறையாகக் கண்டும் தொட்டும் பழகிய அறிவு அவர்களுடையது. புத்தகத்தில் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு நாம் அதனைச் செய்ய முற்படலாகாது. வெர்ஸிகலரோ தோலைப்போல் இறுகியது, உணவுக்கு ஆகாது. அதிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பொருளை ஜப்பானில் புற்றுநோய்ச் சிகிச்சைக்குத் துணையாக வழங்கியதுண்டு. அது ஆலையில் தூய்மை செய்து, அளவறிந்து, மருத்துவர் மேற்பார்வையில் கொடுக்கப்பட்டது. காட்டில் பறித்த தட்டைக் கஷாயமிட்டுக் குடிப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதுவும், பறித்தது வெர்ஸிகலரா ஸ்டீரியமா என்றே அறியாமல் குடிப்பது பேதைமை.

வீட்டு மரத்துக்கும் இவ்வறிவு பயன்படும். காளானிழைகள் வாழ ஈரம் வேண்டும். மரத்தின் ஈரம் நூற்றுக்கு இருபது பங்குக்குக் கீழ் இருக்கும்வரை இத்தகைய அழுகல் அணுகாது. விட்டத்திலோ கதவுநிலையிலோ தட்டுக் காளான் எட்டிப் பார்த்தால், காளானைச் சுரண்டி எறிவதனால் பயன் சிறிது. எங்கோ நீர் கசிகிறது என்பதே அதன் பொருள். கசிவை அடைத்து மரத்தை உலரச் செய்யவேண்டும். உளுத்த பகுதியை மாற்றவேண்டும்.

நம் நாட்டில் இத்துறையில் உழைத்தோர் நன்றிக்குரியவர்கள். வங்காளத்தின் தட்டுக் காளான்களை இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆராய்ந்து வரிசைப்படுத்தியவர் சகாய ராம் போஸ். 1906-இல் தோன்றிய டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் மரநோய்களை ஆராய்ந்த பி. கே. பக்ஷி, மரங்களிலும் வெட்டுமரங்களிலும் வளரும் இந்தியத் துளைக் காளான்களைப் பற்றி 1971-இல் வெளியிட்ட நூல், இன்றும் ஆராய்வோர் எடுத்து நோக்கும் நூலாக விளங்குகிறது.

இனங்காணப் பழக விரும்பும் அன்பர்களுக்குப் பெருஞ்செலவு ஏதும் இல்லை. ஒரு கைலென்ஸ், ஒரு சிறு கத்தி, ஓர் அளவுகோல், ஒரு குறிப்பேடு ஆகிய நான்கும் போதும். குறிப்பேட்டில் நாள், இடம், மரத்தின் பெயர், அது உயிருள்ளதா பட்டதா, தட்டு இருந்த உயரம், மேற்புறம், அடிப்புறம், துளைகளின் எண்ணிக்கை, தடிமன், வித்துத்தூளின் நிறம், அழுகலின் வகை என்று வரிசையாக எழுதுக. பெயரை எழுதும் கட்டத்தைக் கடைசியில் வைத்துக்கொள்க. முன்னவை எல்லாம் நிரம்பிய பின்பும் ஐயம் இருந்தால், அக்கட்டத்தில் ‘ட்ராமெட்டீஸ் குலம், இனம் தெரியவில்லை’ என்று எழுதத் தயங்கவேண்டாம். பக்ஷியைப் போன்ற அறிஞரும் உருப்பெருக்கியில் இழைகளைப் பார்த்த பின்னரே பல பெயர்களை உறுதி செய்தனர்.

பார்வைக்கு ஓரிரு தட்டுகளை எடுத்துக்கொண்டு மற்றவற்றை அங்கேயே விட்டுவருக. பட்ட மரத்தை மண்ணாக்கி, நாளை முளைக்கும் கன்றுக்கு உரமாக்கும் வேலை அவற்றுக்கு இன்னும் மிச்சமிருக்கிறது. அடுத்த மழைக்காலத்தில் ஒரு பட்ட கட்டையைக் காணும் அன்பர்கள், குனிந்து, ஒரு தட்டைத் திருப்பிப் பார்ப்பார்களாக; நிற்கும் மரமாயின், அடியிலுள்ள புல்லையும் விலக்கிப் பார்ப்பார்களாக.